கழுத்தில் மின்னியது

சாகப்போகிறவனுக்குச் சைக்கிள் எதற்கு? பழனியாண்டி அப்படித்தான் நினைத்தார். விசுவமடுவிலிருந்து வவுனியாவரை மிதித்து வந்த, பெண்சாதியைக்கூடத் தொடவிடாத சைக்கிளை, "நீயே வச்சுக்க" என்று வவுனியாவில் தான் தங்கியிருந்த வீட்டு மச்சினன் ஐயாத்துரையிடம் கொடுத்துவிட்டார். அவனும் ஒப்புக்கு ஒருதரம் "வேணாம் மச்சான்" என்றுவிட்டு, கையோடு மணியை அடித்துப் பார்த்தான். பாவி!

வேறென்ன செய்வார் மனுசன்? வெட்டியெடுத்த புற்றுக்கட்டி எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க, நாள்முழுக்க வரிசையில் நின்று இராணுவத்திடம் பயண பாஸ் வாங்கிக் கொழும்புக்குப் போனார். கதிர்வீச்சு மருந்தை ஊசியில் ஏற்றிப் படம் எடுத்தார்கள். எலும்பு மின்னவேண்டிய படத்தில் கழுத்தல்லவா மின்னியது! "அங்கேயும் ஏதோ இருக்குப் போல" என்றார் டொக்டர். மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. இனி லொறியேறி ஊருக்கு, வன்னிக்குள் போய்விட்டால் போனும் இல்லை, ஸ்கேனும் இல்லை.

மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தபோது முக்குக் கடை ஜமால்தீன் ஓடிவந்தார். "ஐயா, கொழும்பு ஆஸ்பத்திரியில இருந்து கோல். கெதியா வாங்கோ!"

போனில் ஊசி போட்ட றினோஸா. முல்லைத்தீவுப் பிள்ளை.

"ஐயா, கதிர்வீச்சு மருந்தோட ஒழுங்காச் சேர்ந்திருக்கோ எண்டு ஒரு கடதாசியில சொட்டு விட்டுப் பாத்திட்டுத்தான் ஊசி போடவேணும். அண்டைக்கு உங்கட பாஸ் முடியுது, ரயிலைப் பிடிக்கவேணும் எண்டு அந்தரப்பட்டியள். இரக்கப்பட்டு, பாக்காமப் போட்டிட்டன். மருந்து சரியாச் சேரேல்லை. சேராத கதிர்வீச்சு கழுத்துக்குத்தான் ஓடும். அந்தப் போத்தலில போட்ட மூண்டு பேருக்கும் கழுத்து மின்னினது."

"அப்ப ஏங் கழுத்துல ஒண்ணுமில்லியா தாயி?"

"ஒண்டுமில்லை. டொக்டரும் சொல்லீட்டார். எலும்புப் படத்தை மட்டும் திரும்ப எடுக்கவேணும். பிழை என்னில. ஏசுங்கோ ஐயா."

ஏசத்தான் வாயைத் திறந்தார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"ஏசுறதா! மொதல்ல நான் சோறு திங்கணும். ஆனா ஒண்ணு, அடுத்த வாட்டி நான் எம்புட்டு அவசரப்படுத்துனாலும் அந்தக் கடதாசியப் பாத்துட்டே குத்து."

கடை வாசலில் ஐயாத்துரை சைக்கிளில் ஏறி உட்கார்ந்திருந்தான்.

"எறங்குடா!"

"மச்சான், நீங்கதானே தந்தீங்க?"

"சாகப்போறவன் குடுத்தான். அவன் போயிட்டான். எறங்கு!"

இன்னொரு பாஸுக்குத் திரும்பவும் நாள்முழுக்க வெயிலில் வரிசையில் நிற்கவேண்டும். நின்றால் போகிறது என்று மிதித்தார் பழனியாண்டி.