ஓ கரவன் வம்சத்து எச்சில்

அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருந்த அந்த ஊரில் நூலக அட்டை வேண்டுமென்றால் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி எச்சில் கொடுக்க வேண்டும். கோவில்பட்டியிலிருந்து நர்ஸ் வேலைக்குப் போயிருந்த தவசிமுத்துவும் தடவிக் கொடுத்தான்.

முடிவைச் சொல்ல நூலகர் மோரின் வீட்டுக்கே வந்தாள். அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்குகிற ஒய் குரோமோசோமைப் பார்த்தார்களாம். ஆயிரம் வருஷத்துக்கு முன் மாடு திருடிப் பெரிய மனிதனான ஓ கரவனுக்கு ஊரில் ஒரே ஒரு வாரிசுதான்.

“நீங்கதான்,” என்றாள்.

“ஊர்ல பாதிப் பேர் ஓ கரவன்தானே?”

“இன்னிக்குக் காலை வரைக்கும். ஒருத்தருக்கும் பொருந்தல. நடுவுல எந்தப் பாட்டியோ சும்மா இருக்கல.”

தவசிமுத்து ஜன்னல் வழியே பார்த்தான். கசாப்புக் கடைப் பலகையிலிருந்து பெயர் உதிர்ந்து நடைபாதையில் கிடந்தது. கடைக்காரர் ஷேமஸ் அதைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

மதியத்துக்குள் பெயர் போனவர்கள் எல்லாரும் அவன் வாசலில் கூடிவிட்டார்கள். யாருக்கும் கோபமில்லை. பஸ் ஓட்டுநர் மட்டும் அழுதார். பெயரில்லாதவரைப் பஸ் ஏற்றிக்கொள்ளவில்லையாம். ஷேமஸ் முழங்காலுக்குக் கீழே மங்கத் தொடங்கியிருந்தார்.

“பேரைத் திருப்பிக் குடுங்க தம்பி,” என்றார் ஷேமஸ்.

“எடுத்துக்குங்க. எனக்கு வேண்டாம்.”

“அது எச்சில்ல இருக்கு. குடுக்க முடியாது,” என்றாள் மோரின். “வேற பேர் எதாவது இருக்கா?”

“எங்க வீட்டுல குடும்பப் பேரே கிடையாது. அப்பா பேர்ல முதல் எழுத்துதான். ஞானப்பழம். ஞா.”

“அப்போ உங்க அப்பாவும் ஓ கரவன் ஆச்சே?” என்றார் பஸ் ஓட்டுநர்.

“அவர் எச்சில் குடுக்கலையே,” என்றாள் மோரின். “அவர் இன்னும் அவர்தான்.”

தவசிமுத்து கோவில்பட்டிக்குப் போன் போட்டான்.

“அப்பா, உங்க இனிஷியலை இங்க கொஞ்சம் பேருக்குக் குடுக்கலாமா?”

“எத்தனை பேருக்குலே?”

“பாதி ஊருக்கு.”

“நல்ல ஆளுங்களா?”

ஷேமஸ் இடுப்புவரை மங்கிவிட்டிருந்தார்.

“நல்லவங்கதாம்ப்பா.”

“குடு. சும்மாதான கெடக்கு.”

ஞா. ஷேமஸுக்குக் கால்கள் திரும்பின. ஓட்டுநர் ஞா. பாட்ரிக்கைக் கண்டதும் பஸ் கதவைத் திறந்தது.

இனிஷியல் வாங்கிப் பிள்ளைகளாகிவிட்ட பிறகு அப்பாவிடம் பேசாமல் இருக்க முடியுமா? ஞாயிறுதோறும் போனில் பேச தவசிமுத்துவின் வீட்டில் வரிசை நின்றது. அவர்கள் ஐரிஷில் பேசினார்கள், அப்பா தமிழில் பேசினார். மழையைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். ஷேமஸின் முட்டிவலிக்கு அப்பா எண்ணெய் சொன்னார். சாப்பிட்டேன் என்றால் என்ன சாப்பிட்டாய் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். தன் வீடு என்பதால் தவசிமுத்து மற்றவர்களை முதலில் விட்டான். அவன் முறை வருவதற்குள் அப்பாவுக்குத் தூக்கம் வந்துவிடும்.

ஒரு ஞாயிறு அப்பா எப்படியோ கிடைத்துவிட்டார்.

“அப்பா.”

“யாருலே, கசாப்புக் கடையா?”

“இல்லப்பா. நர்ஸ்.”

“நம்ம பயலுவள்ல நர்ஸ் யாரும் இல்லையே.”

“தவசிப்பா.”

அப்பா யோசித்தார்.

“ஓ, அந்த ஓ கரவன் தம்பியா. வெளியாளா இருந்தாலும் மறக்காமப் பேசுறீங்க. சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேங்க,” என்றான் தவசிமுத்து.

என்ன சாப்பிட்டான் என்று அவர் கேட்கவில்லை.