மணியம்மை வீட்டுக் கிரயம்

என் வீட்டுக்காரருக்கு வாய் தாராளம். அரக்கோணம் ரயில்வேயில் வேலை, சம்பளம் அப்படியொன்றும் தாராளம் இல்லை. அதை ஈடுகட்டத்தானோ என்னவோ, வாயால் வாரி வழங்குவார். எழுபத்துநாலில் திருத்தணியில் தபிதாம்மாவின் வீட்டைப் பேசி முடித்த அன்றும் அப்படித்தான். விலை படிந்தது, காபி வந்தது. பத்திரச் செலவை ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொள்ளலாமா என்று அந்த அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். இவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மொத்தச் செலவும் எங்களோடதும்மா. நீங்க வந்து கையெழுத்து மட்டும் போடுங்க."

நான் முறைத்தேன். வரதராஜன் என்கிற அந்த மகாராஜா அதைப் பார்க்காத மாதிரி காபியைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

எனக்கு அந்த வீடு வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து வாடகை வீடுதான். ஆணி அடிக்காதே, அம்மியை நகர்த்தாதே, சத்தமாகப் பேசாதே என்று யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நான் சத்தமாகப் பேசுகிறவள். அப்போது இருந்த வீட்டையும் சித்திரைக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். தபிதாம்மாவின் வீடு மலைக்குப் போகிற தெருவில் இருந்தது. இரண்டு அறை, நல்ல கிணறு, பின்னால் முருங்கை. வாசல் கதவுக்கு மட்டும் கிளிப்பச்சைப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார். தெருக்கோடியிலிருந்தே கண்ணைக் குத்தும். கிரயம் ஆனதும் முதல் வேலை அதை மாற்றுவதுதான் என்று பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டேன்.

தபிதாம்மாவின் கணவர் சுந்தர்சிங் மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். அவர் போன பிறகு அந்த அம்மா தனியாகத்தான் இருந்தார். மகள் லில்லி ஆவடியில் குடியிருந்தாள். அவளோடு போய்விடலாம் என்றுதான் வீட்டை விற்றார். நாங்கள் கொடுத்த அட்வான்ஸை மருமகனின் கடனுக்குக் கட்டிவிட்டதாக அவரே சொன்னார். ஒளித்துப் பேசத் தெரியாத மனுஷி என்றுதான் நினைத்திருந்தேன்.

வக்கீல் பரந்தாமன் நல்லவர்தான். ஆனால் அவர் வாயைத் திறந்தால் நாம் மடியை அவிழ்க்க வேண்டும். முதலில் தாய்ப் பத்திரம் தெலுங்கில் இருக்கிறது என்றார். அந்தக் காலத்தில் திருத்தணி சித்தூர் ஜில்லாவில் இருந்தது, பத்திரமும் தெலுங்கில்தான் எழுதியிருந்தார்கள். அதைத் தமிழில் எழுத ஒரு பணம். வில்லங்கம் பார்க்க ஒரு பணம். பார்த்து வந்த குமாஸ்தா வேதாசலத்துக்குத் தனியாக ஒரு பணம். ஒவ்வொரு தடவையும் இவர் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்ப்பார். மொத்தச் செலவும் எங்களோடது என்று அவர் சொன்ன அதே குரலில் நானும் சொல்லிக் காட்டுவேன்.

தமிழில் எழுதிப் படித்தபோதுதான் தெரிந்தது. பத்திரத்தில் தபிதாள் என்று யாருமே இல்லை. ஆர்.கே.பேட்டைப் பக்கத்து நெசவுக்காரர் ஒருவர் தன் மகள் மணியம்மைக்கு அந்த வீட்டைக் கட்டிக் கொடுத்திருந்தார்.

நேராகப் போய்க் கேட்டேன். கொஞ்சம் காரமாகவே கேட்டேன். அந்த அம்மா கோபப்படவில்லை.

"அது நான்தான் கமலா. அந்தப் பேரு சொல்லி ஒருத்தரும் கூப்புடறது இல்ல, எனக்கே மறந்து பூட்ச்சி."

உட்கார வைத்துச் சொன்னார். மகள் கல்யாணமாகி வந்து இருக்கட்டும் என்று அப்பா அந்த வீட்டை அவர் பேரில் கட்டியிருக்கிறார். அம்மாவுக்கு வைத்தியம் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துகொண்டிருந்த பெண், கம்பவுண்டரை விரும்பிவிட்டது. ஞானஸ்நானம் வாங்கித் தபிதாளாகி, கல்யாணமும் செய்துகொண்டது. அப்பா வீட்டில் எல்லோரையும் தலைமுழுக வைத்தார். செத்தவர்களுக்குச் செய்கிற காரியம் அத்தனையும் உயிரோடு இருக்கிற பெண்ணுக்குச் செய்து, ஊருக்குச் சோறும் போட்டார். அதற்குப் பிறகு அப்பாவோ, அண்ணன் துரைக்கண்ணுவோ ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் கொஞ்ச நாளில் யாரோ ஒருவர் மூலமாக வீட்டுப் பத்திரமும் சாவியும் வந்து சேர்ந்தன. சாகிறவரைக்கும் அப்பா அந்த வீட்டைத் திருப்பிக் கேட்கவில்லை.

இதைக் கேட்டு எனக்கு மனசு இளகிவிட்டது. வக்கீலுக்கு இளகவில்லை. மணியம்மையும் தபிதாளும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் எழுத வேண்டும், அதற்குப் பிறந்த வீட்டு ஆள் சாட்சி போட வேண்டும் என்றார். தெருவில் இருக்கிறவர்களுக்குத் தபிதாளைத்தான் தெரியும், மணியம்மையைத் தெரியாது. நாளைக்கே அண்ணன் வந்து, இது என் தங்கை வீடு, இந்த அம்மா யாரோ என்று வழக்குப் போட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அதுவும் சரிதான். குமாஸ்தா ஆர்.கே.பேட்டைக்குப் பஸ் ஏறினார். பஸ் சார்ஜ், டிபன், அலைச்சல் எல்லாம் எங்கள் கணக்கு.

சாயங்காலம் குமாஸ்தா தொங்கிய முகத்தோடு வந்தார். துரைக்கண்ணு தறிக்குப் பாவு நூல் போட்டுக்கொண்டிருந்தாராம். மணியம்மை உங்கள் தங்கைதானே என்று குமாஸ்தா கேட்டதற்கு, ஆமாம், அது செத்துப்போய் முப்பது வருஷம் ஆகிறது என்று தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாராம். குமாஸ்தாவும் அதை அப்படியே எழுதிக்கொண்டு வந்து வக்கீலிடம் கொடுத்துவிட்டார்.

அவ்வளவுதான், வக்கீல் மேஜையில் கேஸ் தலைகீழாகிவிட்டது. சொந்தக்காரி செத்துவிட்டாள் என்று கூடப்பிறந்தவரே சொல்கிறார். இனி ஒன்று அது பொய் என்று நிரூபிக்க வேண்டும், இல்லையென்றால் வாரிசு யார் என்று கோர்ட்டில் கேட்க வேண்டும். அதற்கு அவர் சொன்ன ஃபீஸைக் கேட்டு இவருக்கு வியர்த்துவிட்டது. அந்தப் பணத்தில் இன்னொரு அறையே கட்டலாம். கட்டினாலும் சித்திரைக்குள் எதுவும் நடக்காது.

"பேய்கிட்ட வீடு வாங்கப் போன ஒரே ரயில்வேக்காரன் நான்தான்" என்றார் இவர், வரும் வழியில். நான் சிரிக்கவில்லை. தெருவில் நிற்கப்போகிறோம் என்று எனக்கு அழுகையாக வந்தது.

தபிதாம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் என்ன சொன்னார் என்பதை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு, ஆங், அது அவங்க வழக்கம்மா, யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும் என்றார். அட்வான்ஸை எப்படியாவது புரட்டித் திருப்பித் தந்துவிடுவதாகச் சொன்னார். சொல்லும்போது முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வந்த கோபம் அந்த அண்ணன்மேல் திரும்பியது. வீடு போனாலும் போகட்டும், அந்த ஆளை நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று அந்த ஞாயிற்றுக்கிழமையே இவரை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

துரைக்கண்ணு தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை, ஒடிசலான உடம்பு, தபிதாம்மாவின் அதே மூக்கு. நாங்கள் யார் என்று சொன்னதும் ஓடிக்கொண்டிருந்த தறி நாடாவை நிறுத்தினார். உட்காரச் சொன்னார். அதே பதிலைத்தான் சொன்னார்.

நான் விடவில்லை. உங்கள் வழக்கத்தால் உயிரோடு இருக்கிற ஒரு பெண் கையெழுத்துப் போட முடியாமல் நிற்கிறது, வயசான காலத்தில் மகள் வீட்டுக்குப் போக வழியில்லாமல் நிற்கிறது என்று என் குரல் தெருவரைக்கும் போகிற மாதிரிச் சொன்னேன். இவர் என் முழங்கையைத் தொட்டார். நான் கையை உதறினேன். தங்கை செத்துவிட்டது உண்மை என்றால் வீடு உங்களுக்குத்தானே சேரும், வந்து சாவியை வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன்.

"எனக்கு இன்னாத்துக்கும்மா அந்த வூடு" என்றார். கொஞ்ச நேரம் அறுந்த இழை ஒன்றை எடுத்து முடிந்துகொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"நீலமா இருந்த கதவுக்கு ஏன் பச்சை அடிச்சிக்கிது அது?"

கதவுக்குப் பச்சை அடித்தது போன வருஷம்தான் என்று தபிதாம்மா சொல்லியிருந்தார். முப்பது வருஷம் பேசாத மனுஷனுக்குக் கதவின் நிறம் எப்படித் தெரியும்? வாயைவிட்டே கேட்டுவிட்டேன்.

"ஆடிக்கிருத்திகைக்கு வருஷா வருஷம் காவடி எடுத்துகினு அந்தத் தெரு வழியாத்தாம்மா போறேன். கண்ணு அந்தப் பக்கம் போவுது, இன்னா பண்ண?"

நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது அடிக்கடி நடப்பதில்லை. நல்லவேளையாக என் வீட்டுக்காரர் பேசினார். எங்கள் காரியத்துக்காக வேண்டாம், உங்கள் தங்கைக்காக ஒரு தடவை வந்து போங்கள் என்று மட்டும் சொன்னார். துரைக்கண்ணு யோசித்தார். தறி நின்றால் ஒரு நாள் கூலி போய்விடும், கூலிக்கும் பஸ் சார்ஜுக்கும் சாப்பாட்டுக்குமாகச் சேர்த்து இருபது ரூபாய் கொடுத்தால் வருவதாகச் சொன்னார். முன்பணமாகவே வேண்டும் என்றார்.

எனக்கு ஏறிய இரக்கம் அப்படியே இறங்கிவிட்டது. கூடப்பிறந்தவளைத் தங்கை என்று சொல்ல இருபது ரூபாயா? வக்கீலே தேவலை என்று நினைத்தேன். இவர் எடுத்துக் கொடுத்துவிட்டார். அன்றைக்குப் பூராவும் நான் இவரோடு பேசவில்லை.

கிரயத்தன்று பத்திர ஆபீஸில் நல்ல கூட்டம். துரைக்கண்ணு வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசி, ஒரு மஞ்சள் பையோடு வந்திருந்தார். தபிதாம்மா வெள்ளைச் சேலையில், பைபிளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பெஞ்சின் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். துரைக்கண்ணு மறு மூலையில் உட்கார்ந்தார். நடுவில் நானும் என் வீட்டுக்காரரும். எங்களைத் தாண்டி ஒரு பார்வைகூடப் போகவில்லை. கடைசி நேரத்தில் இந்த ஆள் பழைய பாட்டையே பாடப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

ரிஜிஸ்திரார் காகிதங்களைப் புரட்டினார். தபிதாம்மாவை எழுந்து நிற்கச் சொல்லி, இவர் யார் என்று துரைக்கண்ணுவிடம் கேட்டார்.

அவர் திரும்பினார். முதல் தடவையாக முழுசாகப் பார்த்தார்.

"எங்க மணிங்க. என் கூடப் பொறந்தது."

மணியம்மை இறந்துவிட்டதாகக் குமாஸ்தாவிடம் சொன்னீர்களாமே என்று வக்கீல் ஜாக்கிரதையாகக் கேட்டார்.

"ஆங், சொன்னேன். அப்பாரு சொல்லச் சொன்னத சொல்லிகினு இருந்தேன். தப்புதான், எழுதிக்கோங்க."

தபிதாம்மா கையெழுத்துப் போட்டார். நான் என் மூக்கைச் சிந்திக்கொண்டேன். குமாஸ்தா வேதாசலம்கூட ஒருதரம் தொண்டையைக் கனைத்தார். ஆனாலும் திருத்தி எழுதியதற்கு இரண்டு ரூபாய் கேட்க அவர் மறக்கவில்லை.

வெளியே வந்ததும் துரைக்கண்ணு மஞ்சள் பையைத் திறந்தார். உள்ளே வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு புதுச் சேலை. வெற்றிலைமேல் இரண்டு பத்து ரூபாய் நோட்டுகள். எங்கள் நோட்டுகள்தான். ஒன்றின் மூலையில் என் வீட்டுக்காரர் ஏதோ கணக்குக் கிறுக்கியிருந்தது எனக்கே அடையாளம் தெரிந்தது.

"அப்பாரு குடுத்த வூட்ட வுட்டுட்டுப் போற. பொறந்த வூட்டுல இருந்து வெறுங்கையா அனுப்பக் கூடாது. சேலை என் தறியில நெய்ஞ்சது. பணத்துக்கு என்கிட்ட வழியில்ல மணி, இவங்ககிட்டதான் கேட்டு வாங்கினேன்."

தபிதாம்மா சேலைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அந்த வீட்டுக்காக நாங்கள் அழுத பணத்திலேயே நான் வயிறு எரியாமல் கொடுத்திருக்க வேண்டியது அந்த இருபது ரூபாய்தான். அதற்குப்போய் இவரோடு ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தேனே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

சாவியை வீட்டிலேயே வைத்துக் கொடுக்கிறேன் என்று தபிதாம்மா சொன்னார். நால்வரும் நடந்தோம். அண்ணனும் தங்கையும் முன்னால், நாங்கள் பின்னால். வாசலில் துரைக்கண்ணு நின்றுவிட்டார். காவடியோடு கடந்துபோன இடத்தில் இன்று நின்று பார்த்தார். கதவில் உள்ளங்கையை வைத்தார்.

"நீலம் நல்லாத்தான இருந்துது. ஏன் மணி பச்சை அடிச்ச?"

தபிதாம்மா பூட்டைத் திறந்துகொண்டே சொன்னார்.

"நீலம் வெளுத்துப் பூட்ச்சிண்ணா. உனுக்கும் வயசாவுது, திருவிழாக் கூட்டத்துல கண்ணு தெரியாம நம்ம வூட்ட வுட்டுட்டு நீ பாட்டுக்குப் போயிட்டா?"

நாங்கள் குடிவந்தபோது வரதராஜன் வெள்ளைப் பெயிண்ட் டப்பா ஒன்றை வாங்கி வந்து வைத்தார். அதை ஜன்னலுக்கு அடித்துக்கொள்ளச் சொன்னேன். கதவுக்கு இன்றைக்கும் கிளிப்பச்சைதான்.