பிரசவ அறைக்கு வெளியே

எங்கள் மகப்பேறு நிலையத்தில் ஒரு தாய்க்கு ஒரு மருத்துவச்சி என்ற ஏற்பாட்டைச் சண்டை போட்டு வாங்கியவள் நான்தான். அதுவரை, அன்றைக்குப் பணியில் யார் இருக்கிறாரோ அவர் பார்ப்பார். வருகிற பெண் ஒவ்வொரு முறையும் புது முகத்திடம் தன் கதையை முதலிலிருந்து சொல்வாள்.

"சொன்னா என்னக்கா குறைஞ்சிடும்?" என்றாள் லவுட்ஸ்பீக்கர். தேநீர் அறையில் அவள் பேசினால் தெருவுக்கே கேட்கும். அதனால் அந்தப் பெயர். அவளும் மருத்துவச்சிதான், என்னைவிடச் சின்னவள். "பொறக்கப்போற குழந்தை நம்ம டூட்டி பாத்தா வருது?"

"கை தெரிஞ்ச கையா இருந்தா அந்தப் பொண்ணுக்குப் பயம் போகும்டி."

"பயம் அவங்களுக்குப் போகுதோ இல்லையோ, உங்களுக்கு லீவு போயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். தலைமைச் செவிலி மட்டும், சரி, ஒருத்தியோடு ஆரம்பித்துப் பார், நடந்தால் மற்றவர்களுக்கும் வைத்துக்கொள்வோம் என்றார்.

அந்த ஒருத்திதான் டீச்சர். தொடக்கப்பள்ளியில் வேலை. முதல் பிரசவம். மாதாமாதம் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பாள். அவள் வயிற்றில் கை வைத்துக் குழந்தையின் தலை எங்கே, முதுகு எங்கே என்று தடவிப் பார்க்கும்போதே என் விரல்களுக்கு அந்தக் குழந்தை பழகிவிட்டது. போன முறை இடப்பக்கம் இருந்தது இந்த முறை திரும்பியிருக்கிறது என்று யாரையும் கேட்காமல் தெரிந்தது. இதைத்தானே கேட்டுச் சண்டை போட்டேன் என்று பெருமையாக இருந்தது.

"வலி ஒண்ணும் இல்லையே?"

"இல்லக்கா."

"பயம் இல்லல்ல?"

"நீங்கதான் இருக்கீங்களே."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் வீட்டுக்கு எடுத்துப் போவேன். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பேன். ஒருத்திக்கு நான் இவ்வளவு வேண்டியவளாக இருப்பது எனக்கு இவ்வளவு வேண்டியிருக்கிறது என்பது அப்போது உறைக்கவில்லை.

வலி எடுத்து அவள் வந்தது ஒரு காலை. கணவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வந்தார். நான் ஏற்கெனவே கைகழுவிக் காத்திருந்தேன். மதியம்வரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. அதன்பிறகு வலி வந்துகொண்டே இருந்தும் கருப்பை வாய் மேற்கொண்டு திறக்கவில்லை. குழந்தையின் இதயத்துடிப்பு நன்றாக இருந்ததால் டாக்டர், இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம், இல்லையென்றால் ஆபரேஷன் என்றார். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள். ஒவ்வொரு வலிக்கும் பிறகு, "பரவால்லக்கா, தாங்கிக்கறேன்" என்றாள். நானும், "சமத்து" என்று அவள் நெற்றியைத் துடைத்தேன்.

கையுறைப் பெட்டி கேட்டு லவுட்ஸ்பீக்கர் உள்ளே வந்தது அப்போதுதான்.

"என்ன இங்க இவ்ளோ அமைதி? பரீட்சையா நடக்குது?" என்றாள். "ஏம்மா, ரொம்ப வலிக்குதா?"

டீச்சர் அவளைப் பார்த்தாள். "உயிர் போகுது" என்றாள்.

காலையிலிருந்து என்னிடம் வராத வார்த்தை. வந்தவள் பெட்டியோடு கிளம்பியபோது டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா, அவங்க இங்க இருக்கட்டுமா?"

"இருக்கட்டுமே. ரெண்டு பேருமே இருக்கோம்."

"இல்லக்கா." கண்ணை மூடிக்கொண்டாள். "அவங்க மட்டும். உங்க முன்னாடி என்னால கத்த முடியல."

மாதக்கணக்கில் நான் தொட்டுத் தெரிந்த குழந்தை. நேற்று வந்தவளைப்போல என்னை வெளியே போகச் சொல்கிறாள். முடியாது, இது என் பொறுப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் மணிக்கட்டை இன்னும் விடவில்லை. அவளுக்கு வேண்டியது நடக்க வேண்டுமா, எனக்கு வேண்டியதா? கையுறைகளைக் கழற்றிப் போட்டேன். லவுட்ஸ்பீக்கரிடம் விவரமெல்லாம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பெஞ்சில் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பதறி எழுந்தார்.

"என்னங்கக்கா, நீங்க வெளிய வந்துட்டீங்க?"

"உள்ள நல்ல ஆள் இருக்காங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு சத்தம் எழுந்தது. அடிவயிற்றிலிருந்து வருகிற கதறல். பிறகு வசவு. கணவர், மாமியார், பள்ளிக்கூடம், ஒருவரையும் விடவில்லை. "எல்லாம் சரியாயிடும்னு சொன்னாங்களே, பொய்க்காரி!" என்று எனக்கும் ஒன்று.

"அப்படிப் போடு!" என்று லவுட்ஸ்பீக்கர் உள்ளே கத்தினாள். "எங்க ரொம்ப வலிக்குது? காட்டு. இன்னும் கத்து, வீட்டுக்காரர் வெளியதான் இருக்கார், நல்லாக் கேக்கட்டும்!"

கணவர் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா தெரியவில்லை. "இந்தக் குரலை இத்தனை நாளா எங்க வெச்சிருந்தா?"

எங்கே என்று எனக்குத் தெரிந்தது. எங்க ரொம்ப வலிக்குது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. வலி இல்லையே, பயம் இல்லையே என்று பதிலையும் நானே கையில் கொடுத்துத்தான் கேட்டிருக்கிறேன். அவளும் எனக்குப் பிடித்ததைச் சொல்லிக் கொண்டிருந்தாள்.

வெயில் சாயும்போது குழந்தை அழுதது. ஆபரேஷன் தேவைப்படவில்லை. பெண் குழந்தை.

"சேதாரம் எனக்குத்தான்" என்று கையைத் தேய்த்துக்கொண்டே வந்தாள் லவுட்ஸ்பீக்கர். "விரலைப் பிடிச்சு முறுக்கிட்டா. உங்க மூஞ்சி ஏன்க்கா இப்படி இருக்கு?"

"பிரசவத்துக்கு அப்புறம் வீட்டுக்குப் போய்ப் பாக்கறதையும் நீயே பாத்துக்கோ. அவளுக்கு உன்னைத்தான் பிடிச்சிருக்கு."

"நல்ல கதையா இருக்கே! அவ மாமியாரைத் திட்டினதையெல்லாம் கேட்டவ நான். வாசல்ல என்னைப் பாத்தா ஓடிப்போயிடுவா. பொறந்தது ஒரு நாளு, மிச்ச நாளெல்லாம் யாரு போறது? உங்க ஆளு, நீங்கதான் போகணும்."

அவள் வீடு திரும்பிய சில நாளில் போனேன். வழியெல்லாம் திரும்பிவிடலாமா என்றிருந்தது. கதவைத் திறந்த டீச்சரின் தலை கலைந்திருந்தது. ரவிக்கையில் பால் கறை. என்னைப் பார்த்ததும் புன்னகை தானாக வந்து உட்கார்ந்தது.

"நல்லா இருக்கேன்க்கா."

சமத்து என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"எது ரொம்ப மோசமா இருக்கு, டீச்சர்?"

புன்னகை அங்கேயே நின்றது. தொட்டிலைப் பார்த்தாள். நான் பதிலை எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தேன். சும்மா இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"பாசமே வரலக்கா" என்றாள். "அழுதா எனக்குக் கோவமா வருது. கையில எடுத்தா யாரோ வீட்டுக் குழந்தை மாதிரி இருக்கு. இதை யார்கிட்ட சொல்றது?"

"எங்கிட்டதான்."

"இது போயிடுமா?"

"பெரும்பாலும் போயிடும். போகலைன்னா நாம சேர்ந்து டாக்டரைப் பாக்கலாம். அதுவரைக்கும் நாளைக்கும் வருவேன், மறுநாளும் வருவேன். வந்து இதே கேள்வியைத்தான் கேப்பேன்."

அவள் அழுதாள். மூக்கை முந்தானையில் துடைத்தாள். பிறகு குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு, "பிடிங்க. நான் போய்த் தூங்கறேன்" என்றாள். முகத்தில் சிரிப்பில்லை. கதவைக்கூடச் சாத்தாமல் கட்டிலில் விழுந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து குறட்டை கேட்டது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.