தகரம் அடித்த வாசல்

தகரத்தை அடித்தது பஞ்சாயத்து ஆள்தான். ஆணியை எடுத்துக் கொடுத்தது வீரமணி. கண்ணம்மாள் அதை ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீரமணி அவளுடைய கணவன் சின்னராஜின் உடன்பிறந்த அண்ணன். அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில் அவர்கள் இருந்த தெருவுக்கு வார்டு மெம்பர். சின்னராஜ் லாரி டிரைவர். ஊரடங்கு போட்ட அன்று நாக்பூர் பக்கம் மாட்டிக்கொண்டவன் ஏப்ரல் முடியப்போகும்போதும் அங்கேயே கிடந்தான். வீட்டில் கண்ணம்மாளும் கல்லூரியில் படிக்கும் மகள் காவியாவும் இரண்டு கறவை மாடுகளும் மட்டும்.

ஜனவரியில் கண்ணம்மாளின் இடது மார்பில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். சேலத்து ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்துவிட்டு, புற்றுநோய்தான், நான்கு முறை மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்கிவிட்டு ஆபரேஷன் செய்யலாம், மார்பை முழுசாக எடுக்காமலேகூட முடிக்கலாம் என்றார்கள். இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை மருந்து. இரண்டு முறை ஏற்றியதில் எலுமிச்சை அளவு இருந்தது நெல்லிக்காய் அளவுக்கு வந்திருந்தது. மூன்றாவதற்குப் போக வேண்டிய வாரத்தில் ஊரே அடைந்துவிட்டது. போன் செய்தால், "இப்ப வராதீங்கம்மா, வார்டெல்லாம் கொரோனாவுக்கு மாத்திட்டாங்க" என்றார்கள். மூன்றரை வாரம் கழித்து வரச் சொன்னார்கள். தக்காளி ஏற்றிப் போன வண்டியில் தொற்றிக்கொண்டு போய் மருந்தை ஏற்றிவிட்டு வந்தாள்.

சேலம் போய்வந்தவள் என்று மறுநாளே வாசலுக்குத் தகரம் வந்துவிட்டது. கதவில் ஒட்டிய காகிதத்தில் இருபத்தெட்டு நாள் என்று எழுதியிருந்தது. பின்பக்கம் மாட்டுக் கொட்டகைக்குப் போகும் சந்து வழியை மட்டும் விட்டுவைத்தார்கள். பால் வாங்கிக்கொண்டிருந்த ஆறு வீடும் நிறுத்திக்கொண்டன. கறந்த பாலைக் கன்றுக்கே விட்டாள், மிச்சத்தைக் குப்பைமேட்டில் கொட்டினாள். தலைமுடி மொத்தமும் கொட்டிவிட்டிருந்தது. கொட்டகையில் அவள் குனிந்து சாணி அள்ளும்போது பக்கத்து மாடியில் நின்று பார்த்தவர்கள், கொரோனா வந்தால் முடி கொட்டுமாம் என்று பேசிக்கொண்டது அவள் காதிலேயே விழுந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. கல்லெடுத்து அடிக்கலாம் போலத்தான் வந்தது.

நான்காவது மருந்துக்கான நாள், தனிமைப்படுத்தலின் இருபத்தொன்றாம் நாளில் விழுந்தது. காவியா மூன்று முறை இ-பாஸுக்குப் போட்டாள். மூன்று முறையும் நிராகரிக்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. சின்னராஜ் போனில், "ஒரு வாரந்தான, பொறுத்துக்க. அண்ணங்கிட்ட சண்டைக்கு நிக்காத" என்றான்.

"நீங்க போன வைங்க" என்றாள் கண்ணம்மாள்.

அன்று காலை ஏழு மணிக்குக் கடப்பாரையை எடுத்தாள். டி.வி.எஸ் வண்டி முன் அறைக்குள் நின்றது. பின்பக்கச் சந்தில் அது நுழையாது. கதவைத் திறந்து தகரத்தின் இடுக்கில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினாள். தெம்பில்லாத உடம்பு. நான்கு ஆணி பிடுங்குவதற்குள் மூச்சு வாங்கியது. காவியா கை கொடுக்க வந்ததைத் தடுத்துவிட்டாள். தகரம் பேரிரைச்சலோடு தெருவில் விழுந்தபோது எதிர்வீட்டு வீரமணி லுங்கியோடு வெளியே வந்தான். அவன் மனைவி ஜானகியம்மாள் கதவோரம் நின்றாள்.

"எங்க கெளம்பிட்ட? நாள் முடியல" என்றான்.

"ஆஸ்பத்திரிக்குங்க."

"சேலத்துல கொத்துக்கொத்தா வந்துட்டிருக்குது. நீ போயிட்டு அதத் தூக்கிட்டு வருவ. தெருவுல கொழந்தைங்க இருக்குது."

"எனக்கு வந்திருக்கறது ஒட்டாது மாமா. எத்தன தடவ சொல்லுவன்?"

"ஒட்டுதோ ஒட்டலையோ, எனக்கென்னா தெரியும். கால எடுத்து வெளிய வெச்சீன்னா போலீசுக்குச் சொல்லிருவன்."

"சொல்லுங்க. போற வழியிலதான் நிப்பாங்க, பாத்துக்கறன்" என்று காவியா ஓட்டிய வண்டியின் பின்னால் ஏறினாள்.

அவன் சொல்லிவிட்டான். தொப்பூர் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தியதுமே சப்-இன்ஸ்பெக்டர், "வூட்ட ஒடைச்சுட்டு வந்தது நீங்கதானா?" என்றார். காவியா ஆஸ்பத்திரி ஃபைலை நீட்டினாள். அவர் கையால் தொடவில்லை.

"பாஸ் இருந்தா போங்க. இல்லன்னா திரும்புங்க."

"மூணு தடவ போட்டம் சார்."

"அத எங்கிட்ட சொல்லி என்னாம்மா ஆவுது."

கண்ணம்மாள் திரும்பவில்லை. தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கணவாயில் இறங்குவதற்கு வரிசை கட்டி நின்ற லாரிகளுக்கு ஒவ்வொன்றாய்க் கம்பி தூக்கப்பட்டது. சிமென்ட் போனது, கோழித்தீவனம் போனது, மாம்பழம் போனது.

"மாங்கா போலாம், நான் போவக்கூடாதா?" என்று கேட்டாள். அடுத்த லாரிக்குக் கம்பி தூக்கினார்கள். வெயில் ஏறியது. பதினொன்றரை மணிக்குக் கண் இருட்டிக்கொண்டு தார் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு பெண் காவலர் தண்ணீர் பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டு எட்டிப்போனார். ஒரு மணிக்கு அவள் பேரில் வழக்கு எழுதிக்கொண்டு திருப்பி அனுப்பினார்கள். மாலைக்குள் தகரத்தை மறுபடி அடித்தார்கள்.

இருபத்தெட்டு நாள் முடிந்து தகரம் எடுத்த பிறகும் பாஸ் இழுத்துக்கொண்டே போனது. கிடைத்தது ஜூன் எட்டாம் தேதி. உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக் உடுப்புப் போட்ட டாக்டரம்மா கட்டியை அழுத்திப் பார்த்தார். பிறகு அக்குளில் விரல் வைத்து வெகுநேரம் எடுக்கவில்லை.

"ஏம்மா, மருந்து நல்லாக் கேட்டுட்டு இருந்துச்சே. எதுக்கு இத்தன நாள் வுட்டீங்க?"

வழி நெடுக வராத அழுகை அங்கே வந்தது. "நான் வுடலீங்க" என்றாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஜூலையில் மார்பை முழுசாக எடுத்தார்கள். நோய் அக்குள் நெறிக்கட்டிகளுக்கும் போயிருந்ததால் அவற்றையும் எடுத்தார்கள். கூட யாரும் இருக்கக்கூடாது என்று காவியாவை வெளியே நிறுத்திவிட்டார்கள். மயக்கம் தெளிந்தபோது பக்கத்தில் ஒருவரும் இல்லை.

ஊர் வந்து சேர்ந்திருந்த சின்னராஜ் அவளை வீட்டுக்குக் கூட்டி வந்த நாளில், "அண்ணன் ஊருக்காகத்தான் பண்ணுச்சு. மனசுல வெச்சுக்காத" என்றான்.

"அப்ப அவுரு வூட்லயே சோறு தின்னுக்கங்க."

நிஜமாகவே நான்கு நாள் அவனுக்குச் சோறு போடவில்லை. அவன் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கதிர்வீச்சும் முடிந்தது. இடது கை வீங்கிக்கொண்டது. பால் கறக்க முடியாமல் ஒரு மாட்டை விற்றார்கள்.

அடுத்த ஜனவரியில் ஒரு மத்தியானம் ஜானகியம்மாள் பின்பக்கச் சந்து வழியாகக் கொட்டகைக்கு வந்தாள். கண்ணம்மாள் நிமிர்ந்து பார்த்துவிட்டு வைக்கோலை உதறுவதைத் தொடர்ந்தாள்.

"கண்ணம்மா, உனக்கு மொதல்ல எப்படி இருந்துச்சு?"

வைக்கோல் கையிலேயே நின்றது. "எத்தன நாளா?"

"ஆடியில இருந்து."

"மாமாவுக்குத் தெரியுமா?"

ஜானகியம்மாள் தரையைப் பார்த்தாள். "தெரியும். கொரோனா முழுசா அடங்கட்டும்னாரு. நம்ம வூட்லயும்னா ஊரு சிரிக்கும்னாரு."

கண்ணம்மாள் கை கழுவிவிட்டு வந்து தொட்டுப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. உள்ளுக்குள் எழுந்தது இரக்கமா ஆத்திரமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தெருவைக் கடந்து போய் எதிர்வீட்டு வாசலில் நின்றாள். வீரமணி நாற்காலியில் இருந்து பாதி எழுந்தான்.

"நாளைக்குக் காலையில ஆறு மணி பஸ்ஸுக்கு அக்காவச் சேலத்துக்குக் கூட்டிட்டுப் போறன். நீங்க வராதீங்க."

"போ. வேண்டாங்கல. யாருக்கும் சொல்லிட்டுத் திரியாத" என்றான் தணிந்த குரலில்.

"சொல்லுவன். மார்ல கட்டி, மாசக்கணக்கா புருசன் வூட்டுக்குள்ளயே மறைச்சு வெச்சிருந்தாருன்னு பஸ்ஸுல பக்கத்துல ஒக்கார்றவங்களுக்குக்கூட சொல்லுவன். அதக் கேட்டு எவளாச்சும் நாளைக்கே போயி காட்டுவா." அவன் முகத்தைப் பார்க்காமலே திரும்பி நடந்தாள்.

பஸ்ஸில் ஜானகியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அன்னிக்கு நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"சொல்லியிருக்கலாம்" என்றாள் கண்ணம்மாள்.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, தாமதம்தான், ஆனாலும் இன்னும் செய்ய முடியும் என்றார். சதை எடுத்துப் பார்த்த பிறகு, முதல் மருந்தை ஏற்றிய நாளில் நர்ஸ் வந்து, "கூட வந்தது யாரு? கையெழுத்துப் போடணும்" என்று கேட்டாள். கண்ணம்மாள் வீங்கிய இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையால் பேனாவை வாங்கித் தன் பெயரை எழுதினாள். அடுத்த முறை என்றைக்கு வரவேண்டும் என்று தேதி கேட்டு அதையும் எழுதிக்கொண்டாள்.