கலாந்திரியா ஸ்டேஷனில் நான் கொடுத்த அனுமதி

என் கணவர் ஒலெகாரியோ யாரோ ஒருத்தியோடு லாரி ஏறிப் போய்விட்டாராம். கலாந்திரியாவில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். அந்த மனுஷனைக் கட்டி மேய்க்க என்னைத் தவிர எவளுக்குத் தெம்பு இருக்கிறது? நடந்தது இதுதான்.

அவர் ரயில் இன்ஜினில் கரி அள்ளிப் போட்டு நெருப்பு பார்த்தவர். ரயிலை நிறுத்தி ஸ்டேஷனை மூடியபின் அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்க விடமாட்டார். தண்டவாளத்தையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பாதை மேடாக இருந்ததால் மழைத்தண்ணீர் தேங்காது. செத்ததன் மேல் கட்டினால் என்ன என்று பிளாட்பாரத்தை ஒட்டி, பாதை மேலேயே வீட்டைக் கட்டினார்.

என் அப்பா இங்கே ஸ்டேஷன் மாஸ்டர். எழுத்துக்கு முன்னால் எனக்கு மணிதான் தெரியும். பக்கத்து ஸ்டேஷன் பாஸோ லார்கோ கம்பி வழியாக நம் மணிப்பெட்டியில் இரண்டு மணி அடித்தால் வண்டியை அனுப்பட்டுமா என்று கேட்கிறது. பாதை காலி என்றால் நாமும் இரண்டு அடிக்க வேண்டும். இல்லையென்றால் சும்மா இருக்க வேண்டும், வண்டி அங்கேயே நிற்கும். கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்க முடியாது.

போன ஜனவரி, இங்கே அதுதான் கோடை, மண்டை பிளக்கும் வெயில், ஊரே மதியத் தூக்கத்தில் இருந்தது. ஸ்டேஷன் அறையில் இப்போது என் கோழிகள். முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தேன். துருப்பிடித்த பெட்டியில் மணி இரண்டு அடித்தது. புத்தி விழிப்பதற்குள் என் கை போய்ப் பெட்டியின் பொத்தானை இரண்டு முறை அழுத்திவிட்டது.

அதற்கப்புறம்தான் சுவரைப் பார்த்தேன். செம்புக் கம்பியைத் திருடர்கள் எப்போதோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பாஸோ லார்கோவில் ஒரு செங்கல்கூட இல்லை, அங்கேயும் பழைய பாதை நெடுகவும் உழுது சோயா விதைத்திருக்கிறார்கள். பாதை காலி என்று சொல்லிவிட்டேன். பாதையில் என் வீடு இருக்கிறது, அதற்குள் அவர் தூங்குகிறார்.

ஓடினேன். தெருநாய்கள் எல்லாம் நிழலை விட்டு வந்து, பாதையின் இரண்டு பக்கமும் விலகி வெயிலில் நின்றன. ஒன்றுகூடக் குரைக்கவில்லை.

"எந்திரிய்யா! வண்டி வருது!"

"என்ன வண்டி? ஐஸ்கிரீம் வண்டியா?" கண்ணைத் திறக்கவில்லை.

"ரயிலு! பாஸோ லார்கோ கேட்டுச்சு, நான் குடுத்துட்டேன்."

"வெயில்ல மூளை கழண்டுடுச்சு உனக்கு. போய் மாத்தே டீ போடு, கிழவி."

"கிழவா, உன் கால்ல விழுறேன், வெளிய வா. அப்புறம் எவ்வளவு வேணா திட்டு."

"கட்டின நாள்லேர்ந்து என் தூக்கத்தைக் கெடுக்குறதே உனக்குப் பொழைப்பு."

காலைப் பிடித்து இழுத்தேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அலமாரியில் கோப்பைகள் கிணுகிணுத்தன, தரை நடுங்கியது. பிறகு விசில் கேட்டது. அவர் கண் திறந்தது.

"இது பெனித்தோ. அவன்தான் இப்படி இழுத்து ஊதுவான்."

"டிரைவர் பெனித்தோ செத்துப் போயிட்டான்யா. நீதானே சவப்பெட்டிய தூக்கினே."

"தெரியும்," என்றார்.

எழுந்து சட்டை போட்டு, கழுத்துப் பொத்தான் வரை மாட்டினார். கட்டிலைச் சுவரோரம் தள்ளினார். முன்கதவு, பின்கதவு இரண்டையும் விரியத் திறந்தார்.

"காலின்னு சொல்லிட்டேல்ல? அப்போ காலியாத்தான் இருக்கணும்."

இருவரும் பிளாட்பாரத்தில் ஏறி நின்றோம். அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன். பிழைத்தோம் என்று நினைத்தேன், சந்தோஷத்தில் அழுகை வந்தது.

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தூரத்திலிருந்து சோயாச் செடிகள் ஒரு கோடாகப் படுத்துக்கொண்டே வந்தன. எண்ணெய் வாடையோடு ஓர் அனல் எங்கள் வீட்டின் முன்கதவில் நுழைந்து பின்கதவில் வெளியேறியது. அப்புறம் பிரேக் சத்தம் கேட்டது. அது போய்விடும் என்றுதான் இருந்தேன், நிற்கும் என்று நினைக்கவேயில்லை.

"புகை எவ்வளவு கருப்பா வருது பாரு," என்றார். "நெருப்பு பார்க்கத் தெரியாத எவனையோ வெச்சிருக்கான்."

புகையே எனக்குத் தெரியவில்லை. "போகாதேய்யா."

"சரி பண்ணிக் குடுத்துட்டு வந்துடறேன், எதெல்வினா."

அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அந்தத் திகைப்பில் என் பிடி தளர்ந்தது. படியில் வைப்பதுபோல் வெறும் காற்றில் கால் வைத்தார், கால் நின்றது. அடுத்த கணம் ஆளைக் காணோம். வீட்டுக்கு அந்தப் பக்கம் சோயா படுத்துக்கொண்டே போனது.

வண்டி கிளம்பிப் போனதும் ஸ்டேஷன்காரர் மூன்று மணி அடிக்க வேண்டும். அதுவரை அந்த வண்டி ஸ்டேஷன் பொறுப்பு, ஸ்டேஷன் எல்லையைத் தாண்டியதாகக் கணக்கில்லை. நான் இன்னும் அடிக்கவில்லை, அடித்தால் ஒலெகாரியோவும் எல்லை தாண்டிவிடுவார். மதியமானால் வண்டி போய்விட்டதா என்று பாஸோ லார்கோ கேட்கிறது, விடாமல் கேட்கிறது. பெட்டிக்கு எட்டாத தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பழகிய கை, நம்ப முடியாது. துணி காயப்போடும் கயிற்றால் அதை நாற்காலியோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன்.