பால்காய்ப்புக்குப் போக அனுமதி கேட்ட மனு

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிங்கப்பூரில் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, ஊர்க்காரர் ஒருவர் தன் வீட்டுக்குக் கொடுத்துவிட்ட மிக்ஸியையும் வாங்கி வந்தேன். ஊருக்கு வருகிற ஆள் கையில் சாமான் கொடுத்துவிடுவது எங்கள் பக்கம் வழக்கம். மதுரை ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ்காரர்கள் அதைப் பிரித்தார்கள். மோட்டாருக்குள் தங்கம். கொடுத்தவர் அன்றைக்கே போனை அணைத்துவிட்டார். கேஸ் என் பேரில். ஜாமீன் கிடைத்தது. பாஸ்போர்ட் கோர்ட்டில் இருக்கிறது. அனுமதி வாங்காமல் வெளிநாடு போகக்கூடாது.

அருப்புக்கோட்டையில் வத்தல் கடை வைத்திருக்கிற எனக்கு வெளிநாடு எதற்கு என்றுதான் இருந்தேன். போன மாதம் மகள் சுகப்பிரியா கூப்பிட்டாள். கர்ப்பப்பையில் கட்டியாம். ஆப்பரேஷன் செய்யும்போது கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வந்தாலும் வரலாமாம். கல்யாணம் ஆகாத பிள்ளை. அவள் அம்மா இறந்து நாலு வருஷம் ஆகிறது.

"வந்துருவீகளாப்பா?"

"வாரேம்மா."

அனுமதி கேட்டு கோர்ட்டில் மனுப் போடலாம் என்றதும் என் அக்கா முத்துமாரியம்மாள் ஒரே பிடியாக நின்றாள். "ஆஸ்பத்திரி சீட்ட வக்கீலாபீசுல குடுத்துறாத தம்பி. அங்க இருக்க கிளார்க்குதான நம்மாளுக கல்யாண ஜாதக வாட்சப் குரூப்ப நடத்துறான். சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிரும். பெறகு எவன் பொண்ணு கேட்டு வருவான்?"

எனக்கும் அது சரியாகப் பட்டது. என்னைத்தான் சொல்ல வேண்டும். பங்காளி மகன் சிங்கப்பூரில் வீடு வாங்கி, ஆப்பரேஷன் இருக்கிற அதே வாரத்தில் பால்காய்ப்பு வைத்திருந்தான். அந்த அழைப்பிதழை வக்கீல் ராமசுப்புவிடம் கொடுத்தேன்.

அவர் புரட்டிப் பார்த்தார். "இதுக்கெல்லாம் விடமாட்டாக அண்ணாச்சி. வேற வலுவா எதுவும் இருக்கா? யாருக்காச்சும் ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"எல்லாரும் நல்லா இருக்காக சார்."

செவ்வாய்க்கிழமை மனு விசாரணைக்கு வந்தது. கஸ்டம்ஸ் வக்கீல் எழுந்து, "பால்காய்ப்ப வீடியோ கால்ல பாத்துக்கிடலாம். இவர் மக அங்கதான் இருக்கு. போனா திரும்பி வரமாட்டார்" என்றார்.

மகள் என்றதும் வாயைத் திறந்தேன். பக்கத்திலேயே கேஸ் கட்டுகளைச் சுமந்துகொண்டு அந்த கிளார்க் நின்றார். மூடிக்கொண்டேன். அவசியமான பயணம் இல்லை, மனு தள்ளுபடி என்றார் நீதிபதி. ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

வெளியே வந்து ராமசுப்புவைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"அன்னைக்கே கேட்டேனே அண்ணாச்சி. இப்பப் போயி ஆஸ்பத்திரி சீட்ட நீட்டுனா, தள்ளுபடி ஆனதும் தயார் பண்ணிக் கொண்டாந்துட்டாருன்னு சொல்லுவாக. மேல்கோர்ட்டுக்குப் போவோம். ஆனா எதிர்த்தரப்பு பதில் போட்டு, விசாரணைக்கு வர பத்து நாளாச்சும் ஆகும். ஆப்பரேஷன் என்னைக்கு?"

"வெள்ளிக்கிழமை."



வியாழக்கிழமை மத்தியானம் மகள் கூப்பிட்டாள். குரலில் அழுகை இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஆஸ்பத்திரில ஒரு ஃபாரம் குடுத்துருக்காகப்பா. கூட இருக்கவுக பேரு கேக்குது. எங்கூட ரூம்ல இருக்க ரோஷினி பேர எழுதிட்டேன். என்ன உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு. அக்கான்னு போட்டுறவா?"

"வேண்டாம்மா" என்றேன். "உள்ளதப் போடு. பிரண்டுன்னே போடு."