சத்தம் நின்ற பிரேக்

கூடத்தில் அம்மா சைக்கிளைக் கழற்றி மாட்டிப் பழகியதில் தரையெல்லாம் கறுப்புத் திட்டு. வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் மகள் அதை மிதித்துவிட்டு, ஒற்றைக் காலில் நின்று வெள்ளைக் காலுறையின் அடிப்பக்கத்தைத் தூக்கிக் காட்டினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அம்மாவுக்குத் தோன்றியது.

"இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுக்கறேன்மா. தனியாத்தான் போகணுமா?"

"ஆமா."

"கூட யாராவது வந்தா மலை கோவிச்சுக்குமா?"

அம்மா முன்சக்கரத்து அச்சை இறுக்கினாள். இறுக்கினோமா என்று தொட்டுப் பார்த்தாள். எழுந்து கை கழுவப் போனவள் பாதியில் திரும்பி வந்து இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தாள். மகள் அதையும் கவனித்தாள். இதற்குத்தான் சொல்கிறேன் என்பதுபோல ஒரு பெருமூச்சு விட்டு, வேறு காலுறை தேடி உள்ளே போய்விட்டாள்.

அம்மாவுக்கு வேலை பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் கீழ்த்தளத்தில். ஆபரேஷனுக்குப் பயன்பட்ட கருவிகளெல்லாம் ரத்தக்கறையோடு அங்கேதான் வந்து இறங்கும். கழுவித் துடைத்து, எண்ணி, தட்டில் அடுக்கி, நீலத்துணியில் பொதிந்து நீராவி இயந்திரத்துக்குள் அனுப்ப வேண்டும். பொதிவதற்கு முன்னால் ஒருத்தி ஒவ்வொரு கருவியாகப் பெயர் சொல்லுவாள். மேஜைக்கு எதிரே நிற்கிறவள் கண்ணால் பார்த்து "இருக்கு" என்பாள். இரண்டு பேர் கையெழுத்தும் இல்லாத பொதி, மேலே போன வேகத்தில் கீழே திரும்பி வரும். எவ்வளவு தேர்ந்த கையானாலும் அங்கே ஒற்றை ஆளின் பேச்சு செல்லாது. நல்ல ஏற்பாடுதான். யார் வயிற்றுக்குள்ளும் கத்தரி தங்கிவிடக் கூடாதே. ஆனால் பாதி ஆயுசை அந்த மேஜையின் ஒரு பக்கத்தில் நின்றே கழித்தவளுக்கு, அது வீடு வரைக்கும் கூடவே வந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு, "அணைச்சிருக்கா பாரு" என்பாள். மகள் படுக்கையில் இருந்தபடி, பார்க்காமலே, "இருக்கும்மா" என்பாள். அந்தச் சொல் காதில் விழுந்தால்தான் இவளுக்கு மூச்சு சீராகும்.

போன வருஷம் ஒரு செருப்புக் கடையில், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருத்தியிடம், அளவு சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டாள். அந்தப் பெண் இவள் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். கடிக்கிறதா இல்லையா என்பது உங்கள் காலுக்குத்தானே தெரியும் என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அம்மா அன்றைக்குச் செருப்பு வாங்காமலே வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து மகளிடம்கூட அதைச் சொல்லவில்லை.

சைக்கிள் வந்தது தற்செயலாக. வேலைக்குப் போய்வர ஓட்டிய பழைய சைக்கிள் இனி ஒட்டுப்போட இடமில்லை என்று ஆனபோது, கடைக்காரர் இந்தத் தடித்த டயர் மலைச் சைக்கிளை மலிவாகத் தள்ளிவிட்டார். யாரோ ஆசையாக வாங்கி, முட்டி போனதும் விற்றது. ஏரிக்கரை மண்பாதையில் அதை ஓட்டிப் பார்த்தாள். வேர்மீதும் கல்மீதும் ஏறி இறங்கும்போது யாரையும் எதுவும் கேட்க நேரம் கிடையாது. கேட்பதற்குள் கல் கடந்துபோயிருக்கும். அது அவளுக்குப் பயமாக இருந்தது, பிடித்தும் இருந்தது. சைக்கிள்காரர்களுக்கென்றே பாதை வெட்டிய மலையூர் ஒன்று இருப்பதைக் கடைக்காரர்தான் சொன்னார்.

சிக்கனமாகத்தான் யோசித்தாள். வாரத்தின் நடுவில் போனால் பஸ் கட்டணம் குறைவு. சைக்கிளைக் கழற்றிப் பொதிந்து கொடுத்தால் பஸ்ஸின் வயிற்றில் இலவசமாகப் படுத்துக்கொள்ளும். பொதிவதற்கு, தேதி தாண்டிப்போய்க் கழித்துப்போட்ட நீலத்துணி ஆஸ்பத்திரியிலேயே கேட்டால் கொடுத்தார்கள். தங்குவதற்கு அடுக்குக் கட்டில் போட்ட விடுதி, பொதுச் சமையலறை. ரொட்டியும் முட்டையும் வேர்க்கடலையும் இருந்தால் வெளியே சாப்பிட வேண்டியதில்லை. மலைமேல் சைக்கிளை ஏற்றிவிடும் ஜீப்புக்குக் காசு கொடுக்காமல், தள்ளிக்கொண்டே ஏறிவிடலாம். விடுப்பு கிடைத்திருக்கும் இந்த வாரத்தை விட்டால் அடுத்தது மழைக்காலத்தில். மழையில் அந்தப் பாதைகளை மூடிவிடுவார்கள்.

மேஜைக்கு எதிரே நிற்கிறவளுக்கு ஆஸ்பத்திரி முழுக்க எதிர்மேஜை என்றுதான் பெயர். அக்கா அக்கா என்று ஒட்டிக்கொள்வாள், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். மலையில் அக்கா கல்லைப் பார்த்துக் கல் என்று சொன்னால் எதிரே நின்று யார் ஆமாம் போடுவார்கள், ஆடு மாடுதான் போட வேண்டும் என்று கிண்டல் செய்தாள். போட்டோ எடுத்து அனுப்பினால் இங்கிருந்தே 'இருக்கு' போட்டு அனுப்புவதாகவும் சொன்னாள். அங்கே சிக்னல் கிடைக்காது என்றாள் இவள். அடுத்த கருவியின் பெயரைச் சொன்னாள்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் சைக்கிளின் பிரேக் கிறீச்சிட ஆரம்பித்தது. பிடித்தது, ஆனால் பிடிக்கும்போதெல்லாம் தெருவே திரும்பிப் பார்த்தது. விடுமுறை நாளில் சைக்கிளை வாசலில் நிறுத்தி, சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷுமாக உட்கார்ந்தாள். கழுவுவது அவளுக்குப் பிடித்த காரியம். பல் பல்லாகச் செயினைத் தேய்த்தாள். துடைத்தாள். உலரவிட்டாள். பிறகு, கை தானாகவே எண்ணெய்ப் புட்டியை எடுத்தது. கழுவிய கத்தரிக்கும் இடுக்கிக்கும் மூட்டில் ஒரு சொட்டு விடுவது எப்படியோ அப்படி, அசைகிற இடத்துக்கெல்லாம் ஒரு சொட்டு. சக்கரத்தின் நடுவில் இருந்த அந்தப் பளபளப்பான வட்டத் தகடு, இரண்டு பட்டைகளுக்கு நடுவே உரசிக்கொண்டு சுழன்றது. இரும்பு இரும்பில் உரசினால் அது மூட்டுதானே. அதற்கும் இரண்டு பக்கமும் விட்டாள். சக்கரத்தைச் சுற்றிப் பிரேக்கை மெல்ல அழுத்தினாள். கிறீச் இல்லை. எத்தனையோ நாளுக்கப்புறம், யாரையும் கேட்காமல், தானே சரி செய்த ஒரு விஷயம். மகளைக் கூப்பிட்டுச் சொல்லலாமென்று வாய் வரை வந்ததை அடக்கிக்கொண்டாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் சரிவுக்குப் போனாள். சலவை லாரிகள் ஏறி வருகிற பாதை. சுமையோடு ஒரு தடவை இறங்கிப் பார்க்க வேண்டும் என்பது திட்டம். பாதிச் சரிவில் பிரேக்கை அழுத்தினாள். அழுந்தியது. சைக்கிள் நிற்கவில்லை. இன்னும் அழுத்தினாள், விரல் கைப்பிடியில் போய் முட்டியது. சத்தமே இல்லாமல், வெண்ணெயில் வழுக்குகிற மாதிரி, வேகம் கூடிக்கொண்டே போனது. எதிரே இரும்புக் கேட். பக்கத்தில் லாரிக்காகக் காத்திருந்த அழுக்குத் துணி மூட்டைகள். கேட்டா மூட்டையா என்று யாரையும் கேட்கவில்லை. மூட்டைக்குள் தலைகுப்புறப் போய் விழுந்தாள்.

பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. முழங்கையில் தோல் உரிந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் மூட்டைமேல் உட்கார்ந்து வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. மலைமேலே மூட்டை இருக்காது.

சைக்கிள் கடைக்காரர் தகட்டை விரலால் தடவி, விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"இதுல எண்ணெய் விட்டது யாரு?"

"நான்தான்."

"யாராவது விடச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. நானாத்தான் விட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. கத்தரிக்கு விட்டால் கத்தரி நன்றாக வெட்டும், இது பிரேக்குத் தகடு, வெட்டுகிற பொருள் இல்லை, பிடிக்கிற பொருள், வழுக்கினால் எப்படிப் பிடிக்கும் என்று கேட்டார். தகட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடலாம். பிரேக் பட்டைகள் எண்ணெயைக் குடித்துவிட்டன, அவற்றைத் தூக்கித்தான் போட வேண்டும். இரண்டு சக்கரத்துக்கும் புதிது போட்டால் விடுதியில் இரண்டு ராத்திரிக்கு ஆகிற பணம் போய்விடும். அவள் தலையாட்டினாள். போடுங்கள் என்றாள்.

வீட்டில் முழங்கையை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு சாப்பிட்டாள். மகள் பயணத்தைப் பற்றிப் பேச்செடுக்காதது இன்னும் பயமாக இருந்தது. படுத்தால் ஒரே நினைப்பு: எதிரே ஒரு ஆள் நின்றிருந்தால் இது நடந்திருக்காது. தனியாக ஒரு காரியம் செய்யலாமென்று கிளம்பி, முதல் காரியத்திலேயே தன்னைக் கொல்லப் பார்த்தாயிற்று. போக வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மகளுக்கு நிம்மதி. எதிர்மேஜை ரெண்டு நாள் கிண்டல் செய்வாள், மறந்துவிடுவாள். அந்த எண்ணம் நெஞ்சுக்கு இதமாக இருந்தது. அப்படி இதமாக இருந்ததுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

காலையில் மேஜையில் கருவிகளைப் பரப்பும்போது எதிர்மேஜையிடம் பேச்சுவாக்கில் கேட்டாள்.

"சைக்கிளைக் கழுவறே. ஒரு இரும்புத் தகடு, ரெண்டு பட்டைக்கு நடுவுல உரசிக்கிட்டு சுத்துது. சுத்தும்போது கிறீச்சுங்குது. என்ன செய்வே?"

"ஒரு சொட்டு எண்ணெய் விடுவேன். இது ஒரு கேள்வியாக்கா?"

"யோசிச்சு சொல்லு."

"யோசிக்க என்ன இருக்கு. கழுவினா எண்ணெய் விடணும். நீங்க விட்டு நான் பாத்திருந்தா 'இருக்கு'ன்னு கையெழுத்தே போட்டிருப்பேன்."

அவள் கையிலிருந்த இடுக்கியைத் தட்டில் வைத்தாள். எதிர்மேஜை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போட்டிருப்பாள். இரண்டு கையெழுத்தோடு, ஒழுங்காகப் பொதிந்து, இரண்டு பேரும் சேர்ந்தே அந்தச் சைக்கிளை மலைக்கு அனுப்பியிருப்பார்கள். இத்தனை வருஷமாகச் சாய்ந்து நின்ற சுவர் அட்டையால் செய்தது என்று தெரிந்ததுபோல இருந்தது. பயம் குறையவில்லை, சொல்லப்போனால் கூடிற்று. ஆனால் எதிரே ஆள் இல்லை என்கிற பயம் மட்டும் எங்கே போனதென்று தெரியவில்லை. உங்களுக்கு என்ன ஆயிற்று, முகமெல்லாம் வெளுத்திருக்கிறதே என்று எதிர்மேஜை கேட்டாள். ஒன்றுமில்லை, அடுத்த பெயரைச் சொல்கிறேன், பார் என்றாள்.

அன்று மகள் வீட்டுக்கு வந்ததும், அவள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, அம்மா சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையைக் காட்டினாள். எண்ணெய் விட்டதிலிருந்து மூட்டைக்குள் விழுந்தது வரை ஒன்று விடாமல் சொன்னாள். மகள் கதவைப் பிடித்துக்கொண்டே கேட்டாள். பிறகு அங்கேயே, ஒரு செருப்புக் காலோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்கிட்ட சொல்லாமலே கிளம்பியிருக்கலாம்ல."

"இருக்கலாம்."

"அப்புறம் எதுக்கு சொன்னே? நான் போகாதேன்னு சொல்லணும்னா?"

அம்மாவுக்கும் அதுதான் தெரியவில்லை. நேற்று என்றால் ஆமாம் என்றிருப்பாள்.

"போகப்போறேன். ரெண்டு ராத்திரி குறைச்சுக்கிட்டேன், அவ்வளவுதான். எனக்கு என்ன தெரியாதுன்னு உனக்குத் தெரியட்டும்னுதான் சொன்னேன்."

"இப்படிச் சொல்லிட்டுப் போனா நான் எப்படிம்மா தூங்கறது?"

"நானும்தான் தூங்கல."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாளோ என்று அம்மா பயந்தாள். ஆனால் மகள் எழுந்து பஞ்சும் மருந்தும் கொண்டுவந்து, ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்கிற ஆளுக்குக் காயத்தைச் சுத்தம் செய்யத் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே, கொஞ்சம் அழுத்தமாகவே துடைத்தாள். குறைந்த இரண்டு ராத்திரிக்கான பணத்தைத் தான் தருவதாகவும் சொல்லிப் பார்த்தாள். வேண்டாம் என்றதும் மறுபடி சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் சைக்கிள் தயாராயிற்று. புதுப் பட்டை எடுத்த எடுப்பில் பிடிக்காது என்று கடைக்காரர் சொல்லியனுப்பினார். கொஞ்சம் வேகமெடுத்து, பிரேக்கை அழுத்தி, மறுபடி வேகமெடுத்து, மறுபடி அழுத்தி, தகடும் பட்டையும் ஒன்றுக்கொன்று பழகும் வரைக்கும் ஓட்ட வேண்டுமாம். அதற்கு முன்னால் மலையில் இறங்கிவிடாதீர்கள் என்றார். மகள் தானும் வருவதாகச் சொன்னாள். நீ வந்தால் உன்னைத்தான் பார்ப்பேன், பாதையைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அம்மா முதுகில் மூட்டையோடு தனியாகக் கிளம்பினாள்.

அதே லாரிச் சரிவு. அழுக்குத் துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கேட் மட்டும் இருந்தது. மேலிருந்து வராமல், கால்வாசி உயரத்திலிருந்து இறங்கினாள். அழுத்தினாள். மந்தமாகப் பிடித்து, கேட்டுக்கு வெகு முன்னால் மனசில்லாமல் நின்றது. தள்ளிக்கொண்டு ஏறினாள். இறங்கினாள். உள்ளங்கை வியர்த்து வழுக்கியது, புடவையில் துடைக்கிற பழக்கத்தில் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள். கொஞ்சம் மேலேயிருந்து. இன்னும் கொஞ்சம் மேலேயிருந்து. ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை நிற்காது என்றே வயிறு சொன்னது. எத்தனையாவது தடவையோ, முன்பிரேக் சட்டென்று கவ்வியதில் முதுகு மூட்டை பின்கழுத்தில் வந்து இடித்தது. காலைத் தரையில் ஊன்றி நின்றாள்.

போன் அடித்தது.

"பிடிக்குதாம்மா?"

அவள் குனிந்து சக்கரங்களைப் பார்த்தாள். பிடியை விட்டுவிட்டு மறுபடி அழுத்தினாள்.

"முன்னாடி பிடிக்குது. பின்னாடி இன்னும் கொஞ்சம் ஓட்டணும்."

"இருட்டப் போகுது."

"ஆமா. நீ சாப்பிடு. எனக்கு நேரமாகும்."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு, சைக்கிளைத் திருப்பி, சரிவில் மறுபடி தள்ளிக்கொண்டு ஏறினாள்.